மக்காச்சோளத்தின் தாய் யார்? நாற்பது வருடம் தாமதமான ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய மாணவன் ஒருவன் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். பெயர் போடவில்லை, அவனுக்குக் கூச்சம். 1984-ல் என்னிடம் பிளஸ் ஒன் தாவரவியல் படித்தவன். இப்போது நாலு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறான், கோழித் தீவனத்துக்குப் போகிறது. பாயசம் வரும்போது சிரித்துக்கொண்டே கேட்டான்: "சார், அந்தக் காட்டு மக்காச்சோளம் அழிஞ்சுதான் போச்சா, இல்லையா?"

எனக்கு இலையில் கை நின்றுவிட்டது. அன்று என்ன நடந்தது என்று அந்த வகுப்பில் இருந்த உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

பயிர்களின் காட்டு மூதாதைகள் பற்றிய பாடம். நெல்லுக்குக் காட்டு நெல், கோதுமைக்குக் காட்டுக் கோதுமை என்று பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். இவன் எழுந்தான். "சார், மக்காச்சோளம் காட்டுல எங்க இருக்கு?" நான் கல்லூரியில் படித்ததை அப்படியே சொன்னேன்: "காட்டு மக்காச்சோளம் ஒன்று இருந்தது, அழிந்துவிட்டது." அவன் உட்காரவில்லை. "அப்படி ஒண்ணு இருந்திருந்தா எப்படி சார் பொழச்சிருக்கும்? கதிர் முழுசும் தோல் மூடியிருக்கு. மணி ஒண்ணு கூடக் கீழ உதிராது. கதிரோட விழுந்தா அத்தனையும் ஒரே எடத்துல முளைச்சு, ஒண்ணை ஒண்ணு நெரிச்சுக் கொன்னுடும். எங்க கெணத்து மேட்டுல பாத்திருக்கேன். ஆள் இல்லாம அது ஒரு வருசம் தாங்காது சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உட்கார்." வகுப்பே சிரித்தது.

அந்த வருடம் பாதியிலேயே அவன் படிப்பு நின்றது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் காட்டு வேலைக்கு இறங்கிவிட்டான். அதற்கு நான் காரணமில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நின்றவரை அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்கு நான்தான் காரணம். "எழுதி அனுப்புறேன்ப்பா" என்று பந்தியில் வாக்குக் கொடுத்தேன். ஒரு மாதமாகப் படித்து எழுதியது இது.

முதலில் அவன் சொன்னதில் இருந்த விஷயத்தைப் பார்ப்போம். காட்டில் வளரும் எந்தப் புல்லுக்கும் முதல் வேலை விதையை உதிர்ப்பது. குளத்தோரம் தானாக முளைக்கும் காட்டு நெல்லைப் பாருங்கள். மணி பழுக்கப் பழுக்க ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்துவிடும். நாம் அரிவாளோடு போகும்போது பாதிக் கதிர் மொட்டையாக நிற்கும். ஆனால் அபூர்வமாக ஏதோ ஒரு செடியில் பிறவிக் கோளாறு, மணி உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டில் அது குறை. அறுக்க வருகிறவனுக்கு அதுதான் வரம், ஏனென்றால் வீட்டுக்கு வந்து சேர்வது அந்த மணிதான். அடுத்த வருடம் விதைக்கக் கையில் எடுப்பதும் அதே மணி. யாரும் திட்டம் போடவில்லை. அறுப்பதும் விதைப்பதும் தொடர்ந்து நடந்ததால், செடியின் கோளாறு மெதுவாகச் செடியின் குணமாகிவிட்டது. மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும் இப்படி மாற ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை அகழாய்வில் கிடைத்த கருகிய மணிகள் காட்டுகின்றன.

கோதுமையிலும் நெல்லிலும் காட்டுச் செடியும் வயல் செடியும் பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. மக்காச்சோளம் அப்படியில்லை. ஐந்நூறு அறுநூறு மணி, நடுவில் தடித்த சக்கை, மேலே சுற்றிச் சுற்றித் தோல். உலகத்தில் வேறெந்தக் காட்டுப் புல்லிலும் இப்படி ஒரு கதிர் இல்லை. எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் அரை நூற்றாண்டு சண்டை போட்டார்கள். நான் வகுப்பில் ஒப்பித்தது அந்தச் சண்டையில் ஒரு கட்சியின் வாதம். இன்னொரு கட்சி இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் தியோசின்டே என்று ஒரு காட்டுப் புல் வளர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தோகையெல்லாம் மக்காச்சோளம் போலவே இருக்கும். கிட்டே போனால் ஏமாற்றம். ஒரே தண்டு இல்லை, புதர் போலக் கிளை கிளையாக இருக்கும். கதிர் என்று சொல்ல விரல் நீளத்தில் ஒன்று. அதில் ஐந்து முதல் பன்னிரண்டு மணி. ஒவ்வொரு மணியும் கல் போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும், பல் உடைந்துவிடும். பழுத்ததும் கதிர் துண்டு துண்டாக உடைந்து உதிரும். இதுவா மக்காச்சோளத்தின் தாய்? 19-ஆம் நூற்றாண்டுத் தாவரவியலார் இதை வேறு பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். நம் நாட்டிலும் இதை மாட்டுத் தீவனமாகப் பயிரிடுவதுண்டு என்பது இந்த வயதில் எனக்குத் தெரிந்த செய்தி!

இங்கே ஜார்ஜ் பீடில் வருகிறார். 1903-ல் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் வாஹூ என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவோடு காட்டிலேயே தங்கியிருக்க வேண்டிய பையன். பள்ளியில் ஓர் அறிவியல் ஆசிரியை பிடித்து உட்காரவைத்துப் பேசி, லிங்கன் நகரத்து வேளாண் கல்லூரிக்குப் போக வைத்தார். (இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.)

பீடில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எமர்சன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து மக்காச்சோளத்தையும் தியோசின்டேயையும் கலந்து பார்த்தார். இரண்டுக்கும் பத்து ஜோடி குரோமோசோம். கலப்புச் செடியில் அவை ஒழுங்காக ஜோடி சேர்ந்தன. கலப்புச் செடி நல்ல விதையும் கொடுத்தது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை மலடாகிறது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே அந்த மலட்டுத்தன்மையே இல்லை. அப்படியானால் இரண்டும் ஒரே இனம், உருவம்தான் வேறு என்பது அவர் கணக்கு.

ஆனால் 1930-களின் கடைசியில் பால் மாங்கெல்ஸ்டார்ஃப், ராபர்ட் ரீவ்ஸ் என்ற இருவர் வேறு கருத்தை முன்வைத்தார்கள். காட்டு மக்காச்சோளம் என்று தனியாக ஒன்று இருந்து அழிந்தது. அந்த மக்காச்சோளமும் டிரிப்சாகம் என்ற இன்னொரு புல்லும் கலந்து பிறந்த பிள்ளைதான் தியோசின்டே. அதாவது தியோசின்டே தாயல்ல, மகள். என் மாணவனின் கேள்விக்கும் அவர்களிடம் பதில் இருந்தது, நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆதி மக்காச்சோளத்தில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி உமி இருந்திருக்கும், அதனால் மணி உதிர்ந்திருக்கும் என்றார்கள். அன்று எனக்கு அந்தப் பதிலும் தெரியாது. தெரிந்ததெல்லாம் "அழிந்துவிட்டது" என்ற ஒரு சொல்.

பீடில் 1939-ல் சிறிய மறுப்பு ஒன்று எழுதினார். தியோசின்டே மணியைச் சூடு காட்டினால் ஓட்டை உடைத்துக்கொண்டு சோளப்பொரி போலவே பொரிகிறது, பழைய மனிதர்கள் அப்படித் தின்றிருக்கலாம் என்று காட்டினார். நாலைந்து பெரிய மரபணு மாற்றம் போதும், தியோசின்டே மக்காச்சோளமாகிவிடும் என்பது அவர் எண்ணம். அதோடு அவர் ரொட்டிப் பூஞ்சை ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1958-ல் நோபல் பரிசு, பிறகு சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் பதவி. மாங்கெல்ஸ்டார்ஃப் ஹார்வர்டில் பெரிய பேராசிரியர். 1960-களில் மெக்சிகோவின் தெவாகான் பள்ளத்தாக்குக் குகைகளில் ரிச்சர்ட் மெக்நீஷ் தோண்டியபோது விரல் நுனி அளவுச் சிறு கதிர்ச் சக்கைகள் கிடைத்தன. இதுதான் அந்த அழிந்த காட்டு மக்காச்சோளம் என்றார் மாங்கெல்ஸ்டார்ஃப். வழக்கு முடிந்தது போல இருந்தது. பாடப்புத்தகங்களும் அதைப் பிடித்துக்கொண்டன.

பீடில் 1968-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மனிதர் என்ன செய்வார்? பேரன் பேத்தி, நடைப்பயிற்சி, செய்தித்தாள். இவர் முப்பது வருடத்துக்கு முன் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனார். மெக்சிகோ மலைகளில் தியோசின்டே விதை சேகரிக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். தியோசின்டே மாவைத் தானே தின்று, ஒன்றும் செய்யாது என்று காட்டினார். அதோடு ஒரு பெரிய சோதனை செய்தார். அதை நான் உங்களுக்குப் பலகையில் போட்டுக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கட்டம் போட்டுக் கணக்கு செய்தது நினைவிருக்கிறதா? இரண்டு வகைச் செடியைக் கலந்து, அதன் பிள்ளைகளை மறுபடி கலந்தால், இரண்டாம் தலைமுறையில் எத்தனை செடி ஒரு பாட்டியை உரித்து வைத்தது போல இருக்கும்? ஒரு மரபணுவில் மட்டும் வித்தியாசம் என்றால் 4-ல் 1. இரண்டு என்றால் 16-ல் 1. மூன்றுக்கு 64, நாலுக்கு 256, ஐந்துக்கு 1,024. நூறு மரபணு என்றால் பாட்டி முகம் திரும்பி வரவே வராது. பீடில் சுமார் 50,000 செடி வளர்த்து எண்ணினார். ஏறத்தாழ 500-க்கு ஒன்று அசல் மக்காச்சோளம், அதே அளவு அசல் தியோசின்டே. 256-க்கும் 1,024-க்கும் நடுவில். நாலோ ஐந்தோ மரபணுதான் என்று 1939-ல் சொன்னதை, எழுபது வயதை ஒட்டிய காலத்தில் வயலில் எண்ணிக் காட்டிவிட்டார்.

இதற்கிடையில் நடந்த இன்னொரு கதையை ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரவியலார் ஹியூ இல்டிஸ் ஒரு வருடம் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் பல்லாண்டு வாழும் ஒரு வகை தியோசின்டேயின் படம் வரைந்து, இது காட்டில் அழிந்துவிட்டது போலும் என்று குறிப்பிட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். ஓர் அட்டை மெக்சிகோவில் குவாதலஹாரா பல்கலைக்கழக ஆசிரியை மரியா லூஸ் புகாவுக்குப் போனது. அவர் அதை வகுப்பில் காட்டி, தேடிப் பார்த்து அவர் சொல்வது தவறென்று காட்டுங்கள் என்று மாணவர்களைக் கிளப்பிவிட்டார். ரஃபேல் குஸ்மான் என்ற மாணவர் மலை மலையாக அலைந்து அந்தச் செடியைக் கண்டுபிடித்தார். அதோடு நிற்காமல் இன்னும் தேடி, உலகத்துக்கே தெரியாத வேறொரு பல்லாண்டு தியோசின்டேயையும் கண்டுபிடித்தார். அதற்கு மக்காச்சோளத்தைப் போலவே 20 குரோமோசோம், அதனால் கலக்க முடியும். மக்காச்சோளத்தைத் தாக்கும் பல வைரஸ் நோய்களை அது தாங்குகிறது. 1979-ல் இல்டிஸும் குஸ்மானும் மற்றவர்களும் சேர்ந்து அறிவித்தார்கள். அந்தச் செடிக்காகவே சியேரா தெ மனன்ட்லான் மலையை மெக்சிகோ அரசு 1987-ல் உயிர்க்கோளக் காப்பகமாக்கியது.

"அழிந்துவிட்டது" என்ற அதே சொல்தான் அந்த வகுப்புக்கும் போனது, என் வகுப்புக்கும் வந்தது. நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

1989-ல் பீடில் இறந்தார். அடுத்த மாதமே மாங்கெல்ஸ்டார்ஃபும் இறந்தார். அதே வருடம் தெவாகான் சக்கைகளுக்கு நேரடியாகக் கதிரியக்கக் காலக்கணிப்பு செய்தார்கள். நினைத்ததைவிட அவை மிகவும் இளையவை என்று தெரிந்தது. காட்டுச் செடியும் இல்லை, ஏற்கெனவே மனிதன் வளர்த்த மக்காச்சோளம், மணி உதிராதது. என் மாணவன் கிணற்று மேட்டில் நின்று சொன்ன அதே விஷயம்.

பிறகு மரபணுவை நேரடியாகப் படிக்கும் காலம் வந்தது. இல்டிஸிடம் படித்த ஜான் டோப்லி, வித்தியாசங்களில் பெரும்பங்கு ஐந்தாறு இடங்களில் குவிந்திருப்பதைக் காட்டினார். அவற்றில் ஒரு மரபணு கிளை விடுவதைக் கட்டுப்படுத்துகிறது. தியோசின்டே புதராகவும் மக்காச்சோளம் ஒற்றைத் தண்டாகவும் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வேடிக்கை என்னவென்றால் மரபணுவே மாறவில்லை. அதற்கு முன்னால், இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று வந்து உட்கார்ந்து, அதன் வேலையைக் கூட்டிவிட்டது. தாவும் மரபணுக்களை மக்காச்சோளத்திலேயே கண்டுபிடித்து 1983-ல் நோபல் வாங்கிய பார்பரா மெக்கிளின்டாக், பீடிலோடு கார்னெலில் ஒன்றாக வேலை செய்தவர்! அந்தத் துண்டு மனிதன் பயிர் செய்யத் தொடங்குவதற்கு முன்பே சில தியோசின்டே செடிகளில் இருந்திருக்கிறது. மனிதன் எதையும் உண்டாக்கவில்லை. காட்டில் அபூர்வமாகக் கிடந்ததைக் கண்டு பொறுக்கி எடுத்திருக்கிறான். கல் ஓட்டை நீக்கி மணியை வெளியே கொண்டுவந்ததும் பெரும்பாலும் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மிகச் சிறிய மாற்றம்தான்.

எங்கே நடந்தது? 2002-ல் வந்த மரபணு ஆய்வு, தென்மேற்கு மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் படுகையில் வளரும் தியோசின்டேதான் தாய், காலம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் என்றது. டோலோரஸ் பிப்பர்னோவும் குழுவினரும் அங்கேயே ஷிவாடோஸ்ட்லா என்ற பாறைக் குடைவில் தோண்டினார்கள். சக்கை எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் 8,700 ஆண்டுப் பழமையான அரைப்புக் கற்களின் இடுக்கில் மக்காச்சோள மாவின் நுண்துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மி கழுவுகிறவர்களுக்குத் தெரியும், எவ்வளவு கழுவினாலும் குழிக்குள் கொஞ்சம் தங்கிவிடும். கண்ணால் பார்க்கும் மிகப் பழைய சக்கைகளில் சில வஹாக்கா மாநிலத்தில் கிலா நகிட்ஸ் குகையில் கிடைத்தவை, சுமார் 6,250 ஆண்டு. கதை அதோடும் முடியவில்லை. பல்சாஸில் தொடங்கிய பயிர் பிறகு மலைப்பகுதிக்கு ஏறியபோது அங்கிருந்த இன்னொரு தியோசின்டேயோடும் கலந்தது, இன்றைய மக்காச்சோளத்தில் அந்த ரத்தமும் ஓடுகிறது என்று 2023-ல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. தாய் ஒருத்தி, சித்தி ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல் உடைக்கும் பன்னிரண்டு மணிக்காகவா அந்த மக்கள் இந்தப் புல்லைப் பிடித்தார்கள்? பொரித்துத் தின்றார்கள் என்பது பீடிலின் யோசனை. தண்டின் இனிப்புச் சாறுக்காகத்தான் முதலில் வளர்த்தார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். சின்ன வயதில் சோளத்தட்டை கடித்துச் சப்பிய எனக்கு இரண்டாவதை நம்பத் தோன்றுகிறது. அது சான்று ஆகாது என்பதும் தெரியும்.

அந்த மக்களின் ஒரு பெயர்கூட நமக்குத் தெரியாது. எழுத்து வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்னால் வாழ்ந்தவர்கள். அறுவடையில் எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்று ஒவ்வொரு வருடமும் உட்கார்ந்து பார்த்தவர்கள். அதனால் செடி எவ்வளவு மாறிப்போனது என்றால், அது இனி காட்டுக்குத் திரும்ப முடியாது. நாம் தோலை உரித்து மணியை எடுத்து ஊன்றாவிட்டால் அதற்கு அடுத்த தலைமுறையே இல்லை. நாமும் பதிலுக்கு அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறோம். 1970-ல் அமெரிக்காவில் பெரும்பாலான வயல்களில் ஒரே வகைத் தாய்வழி கொண்ட வீரியவிதையைப் போட்டிருந்தார்கள். இலைக்கருகல் நோய் ஒன்று வந்து நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோனது. 2018-ல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்தபோது பெரம்பலூர்ப் பக்கம் என்ன பாடுபட்டார்கள் என்று செய்தித்தாளில் படித்தோம். என் மாணவனும் அந்தப் பட்டத்தில் போட்ட காசு வரவில்லை என்றான். இப்படி ஒரு நாளில் கைகொடுக்க வேண்டியவை அந்த மலைச்சரிவுகளில் நிற்கும் காட்டுச் சொந்தங்கள்தான். அங்கேயும் மேய்ச்சலும் வீடுகளும் அவற்றின் இடத்தைத் தின்றுகொண்டு வருகின்றன.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்குப் பதில்: நீ கேட்டது சரி. நான் சொன்னது தப்பு. மக்காச்சோளம் மக்காச்சோளமாகக் காட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. அதன் தாய் அழியவில்லை. மெக்சிகோ மலையில் இன்றைக்கும் முளைத்து, பழுத்து, தானாக உதிர்ந்துகொண்டிருக்கிறாள். நீ கேட்ட அந்த 1984-லேயே இதில் பாதி அச்சில் வந்திருந்தது. நான் தேடவில்லை.

அவனிடம் சாதாரண பட்டன் போன்தான். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா காட்டிலிருந்து வந்ததும் படித்துக் காட்டுகிறேன் தாத்தா என்று சொல்லியிருக்கிறாள்.